ஓ.எம்.ஆரில் புதிய வணிகக் கட்டடங்கள்: அனுமதி தரும்போது தெருவையும் பார்க்கிறார்களா?

காரப்பாக்கம்வாசி:

சென்னை காரப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில், ஓ.எம்.ஆரை (பழைய மகாபலிபுரம் சாலை) ஒட்டி, ஏறத்தாழ ஒரு ஏக்கர் காலிமனை இருக்கிறது. போன மாதம் தகரத் தடுப்பு அடித்துவிட்டார்கள். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள் என்று பெரிய வணிகக் கட்டடம் வரப்போகிறதாம். சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், இன்னும் அனுமதி வரவில்லை என்று அங்கே இருக்கும் வாட்ச்மேன் சொன்னார்.

கட்டடமே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓ.எம்.ஆரில் வராமல் வேறு எங்கே வரும்? ஆனால் மனையின் பின்வாசல் எங்கள் தெருவில்தான் திறக்கும். இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய தெரு இது. பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்துவிட்டார்கள், வீட்டு இணைப்பு இன்னும் தரவில்லை. குடிநீர் லாரியில் வருகிறது, கழிவுநீர் லாரியில் போகிறது. மழை பெய்தால் தண்ணீர் கிழக்கே பக்கிங்காம் கால்வாய்க்கு வடிய வேண்டும். கால்வாய் நிரம்பியிருந்தால் தெருவிலேயே நிற்கும்.

இப்படி ஓர் இடத்துக்கு வரும் விண்ணப்பத்தில் அதிகாரிகள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? மனை அளவு, சாலை அகலம், தீயணைப்பு எல்லாம் பார்ப்பார்கள், சரி. தெருவின் சாக்கடையையும் வடிகாலையும் யாராவது பார்க்கிறார்களா? "இப்போதைக்கு இந்த இடம் இவ்வளவுதான் தாங்கும்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்காவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபடமேசை:

நான் கட்டட வடிவமைப்பாளர். உயரமான கட்டடங்களுக்கு விண்ணப்பம் தயாரிப்பதுதான் என் அன்றாட வேலை. நடைமுறையைச் சொல்கிறேன்.

2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது அடிப்படை. உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். முன்சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு, 3.25 வரை கிடைக்கும். பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கினால் அதன் மேல் இன்னும் 50 சதவீதம். கட்டடத்தைச் சுற்றிக் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். உயரம் 30 மீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடும். தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கான இடம் அது.

தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், விமான நிலைய ஆணையம், மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர், கழிவுநீர் வாரியம்), நீர்வளத் துறை என்று வரிசையாகத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். அப்புறம் சி.எம்.டி.ஏ.வின் பல்மாடிக் கட்டடக் குழுவில் வைக்கிறார்கள். ஆகவே யாருமே பார்ப்பதில்லை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு படிக்கட்டின் அகலத்துக்காகக் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் தெரு விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒவ்வொரு துறையும் கேட்கப்பட்ட மனைக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. அதே தெருவில் அடுத்த மனை வேறு கோப்பு, வேறு மாதம், வேறு பதில். எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக விரித்துவைத்துக் கூட்டிப் பார்க்கும் இடம் எதுவும் நான் பார்த்ததில்லை.

நீர்மட்டம்:

குடிநீர், கழிவுநீர்த் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு ஏக்கர் என்றீர்கள், கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். எஃப்.எஸ்.ஐ. 3.25, அதோடு பிரீமியம் 50 சதவீதம் சேர்ந்தால் 4.875. தளப்பரப்பு 19,700 சதுர மீட்டருக்குச் சற்று மேலே வரும். முழுக்க அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். தேசியக் கட்டட நெறிமுறைப்படி 10 சதுர மீட்டருக்கு ஒருவர். கிட்டத்தட்ட 2,000 பேர். அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் என்பது கணக்கு. மொத்தம் 90,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியாக இருந்தால் தினமும் ஏழெட்டு லாரி. உணவகம் வந்தால் ஒரு இருக்கைக்கு 70 லிட்டர், அது தனி. ஏசிக்குக் கூலிங் டவர் வைத்தால் அந்தத் தண்ணீர் தனி.

வந்த தண்ணீரில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியேற வேண்டும். கட்டடத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் வைத்து, அந்த நீரைக் கழிப்பறைக்கும் ஏசிக்கும் செடிக்கும் திருப்பலாம். ஒழுங்காக ஓட்டினால் கணிசமான பகுதி உள்ளேயே செலவாகிவிடும். ஒழுங்காக ஓட்டுவதில்தான் சிக்கல். கரண்ட் செலவு, ஆள் சம்பளம், கசடு அள்ளும் செலவு மூன்றும் மாதாமாதம் வரும். கட்டடம் கைமாறி, பராமரிப்பு ஒப்பந்தக்காரர் மாறியதும் முதலில் நிற்பது அந்த மோட்டார்தான். பிறகு இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் விடுகிறார்கள்.

ஆகவே விண்ணப்பத்தில் கழிவுநீர் பற்றிய பக்கத்தைத்தான் நான் முதலில் படிப்பேன். "முழுவதும் மறுபயன்பாடு" என்று எழுதியிருந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: அக்டோபர், நவம்பரில் செடிக்குத் தண்ணீர் வேண்டாம், ஏசியும் குறைவாகத்தான் ஓடும், அப்போது மிஞ்சும் நீர் எங்கே போகும்? இதற்குப் பதில் இல்லாத கோப்புகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. தெருவில் இயங்கும் சாக்கடை இல்லாத இடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் அனுமதி தரவே கூடாது என்பது என் கருத்து.

சோழிங்கநல்லூர்_சரண்:

நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். அம்பத்தூரில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை. இந்த வழியில் கட்டடங்கள் வந்ததால்தான் எனக்கும் என்னோடு படித்தவர்களுக்கும் ஊரைவிட்டுப் போகாமல் வேலை கிடைத்தது.

2000ல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தபோது இந்தச் சாலை எப்படி இருந்தது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆறுவழிச் சாலை 2008ல்தான் வந்தது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் ஆலை 2013ல், இரண்டாவது 2024ல். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் 118.9 கி.மீ. கட்டுகிறார்கள், அதில் ஒரு பெரிய பகுதி நம் சாலை மேலேயேதான் போகிறது. முதலில் கட்டடமும் ஆட்களும் வந்தார்கள், பின்னால் அரசு வசதி செய்தது. சாக்கடை வரட்டும், வடிகால் வரட்டும், அப்புறம் கட்டலாம் என்று உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் இங்கே சவுக்குத் தோப்புதான் இருந்திருக்கும். மெட்ரோ வரும் நேரத்தில் நிலையத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் கட்டாமல் இருப்பதுதான் வீண்.

காரப்பாக்கம்வாசி:

சரண், மெட்ரோ பக்கத்தில் அலுவலகம் வருவது நல்லதுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் "பின்னால் வசதி வந்தது" என்கிற அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2011ல் எங்கள் பகுதி மாநகராட்சியோடு சேர்ந்தது. 174 சதுர கி.மீ. இருந்த மாநகராட்சி ஒரே வீச்சில் 426 ஆனது. அதன் பிறகும் எங்களுக்கு லாரித் தண்ணீர்தான். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டபோது இந்தச் சாலையில் இருந்த நிறுவனங்களே தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். கட்டடம் பளபளப்பாக இருந்தது, குழாயில் தண்ணீர் இல்லை.

அந்த இடைவெளியின் செலவை யார் கட்டினார்கள்? நாங்கள் லாரிக்குக் கட்டினோம். போர்வெல்லை ஆழப்படுத்தக் கட்டினோம். உப்புநீர் ஏறியதால் வீட்டுக் குழாய்களை மாற்றக் கட்டினோம்.

மாம்பலம்_கடை:

தி.நகரில் எங்களுக்குச் சிறிய பாத்திரக் கடை, அப்பா காலத்திலிருந்து. ஓ.எம்.ஆரில் இருப்பவர்களுக்கு எங்கள் கதை உதவும் என்று நினைக்கிறேன்.

இங்கே பெரிய கட்டடம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காகிதத்தோடுதான் எழும்பியது. நான்கு மாடிக்கு வாங்கி ஏழு மாடி கட்டினார்கள். கார் நிறுத்துமிடம் என்று வரைபடத்தில் இருந்த கீழ்த்தளம் சரக்கு வைக்கும் கிடங்கானது. பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் ஜெனரேட்டரும் அட்டைப்பெட்டியும். 2008 செப்டம்பர் 1 அதிகாலையில் ரங்கநாதன் தெருவில் பெரிய கடை எரிந்தபோது உள்ளே தங்கியிருந்த ஊழியர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். 2017 மே 31 அன்று தெற்கு உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை பற்றியது. அந்தப் புகையில் தீயணைப்பு வீரர்கள் உள்ளே போக முடியாமல் சுவரை உடைத்தார்கள். மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தே விட்டது. பகலில், தீபாவளி நேரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

எனக்கு வருத்தம் என்னவென்றால், விதியை மதித்து இடம் விட்டுக் கட்டியவர்களுக்குத்தான் இங்கே நஷ்டம். இடம் விட்டவன் கடை சிறியது. விடாதவன் கடை பெரியது, கூட்டமும் அவனுக்கே.

சட்டநூல்:

மாம்பலம்_கடை சொன்னதற்குச் சட்டப் பின்னணி. 1998ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28க்கு முன் விதி மீறிக் கட்டியவர்கள் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம். நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000ல் உச்ச நீதிமன்றம், ஒரே ஒருமுறைக்கான ஏற்பாடு என்ற அளவில் அதை ஏற்றுக்கொண்டது. பிறகும் கடைசித் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது, விதிமீறல்களைக் கவனிக்கக் கண்காணிப்புக் குழுவும் அமைத்தது. அப்புறம் 2012ல் 113-சி வந்தது. 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு.

பரிசீலனை எவ்வளவு கறாராக இருந்தாலும், கட்டிய பிறகு பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை கட்டுபவர் மனதில் இருக்கும்வரை அந்தப் பரிசீலனைக்கு மரியாதை இல்லை. 2019 விதிகளில் பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு கிடையாது என்று கொண்டுவந்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். பெரிய வணிகக் கட்டடங்கள் விஷயத்தில் அதைத் தளர்த்தக் கூடாது.

காரப்பாக்கம்வாசி கேட்ட கேள்விக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படியுங்கள். அனுமதி கொடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனத்தில் கொள்ளச் சொல்கிறது: எந்தப் பயன்பாட்டுக்காகக் கேட்கிறார்கள், அதற்கு அந்த இடம் பொருத்தமா, அந்தத் திட்டப் பகுதியின் வருங்கால வளர்ச்சியும் பராமரிப்பும் எப்படி இருக்கும். மறுக்கவும் நிபந்தனை போடவும் திட்டக் குழுமத்துக்கு, இங்கே சி.எம்.டி.ஏ.வுக்கு, அதிகாரம் உண்டு. அது புதிதாக வர வேண்டிய அதிகாரம் இல்லை, 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

வேளச்சேரி_மீரா:

கட்டி முடித்த பிறகு என்ன என்று எல்லோரும் பேசுகிறீர்கள். கட்டும்போது நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. ஐந்து ஃபர்லாங் சாலைப் பக்கம் வணிகக் கட்டடத்துக்காகத் தோண்டியிருந்த ஆழமான பள்ளத்தில் மண் சரிந்தது. அங்கே இருந்தவர்களும் அதோடு உள்ளே போனார்கள். பள்ளம் முழுக்கத் தண்ணீர். சிலரை மீட்டார்கள், இரண்டு பேரை மீட்க முடியவில்லை. நாள்கணக்கில் தண்ணீரை இறைத்த பிறகுதான் உடல்கள் கிடைத்தன. அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், கரண்ட் இல்லை, இறைக்கும் மோட்டார் சத்தம் மட்டும் எங்கேயோ கேட்டுக்கொண்டிருக்கும்.

வேளச்சேரி ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பும் பக்கத்திலேயே இருக்கும் மண் இது. இரண்டு மூன்று அடித்தளம் தோண்டுகிற வேலைக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தனி நிபந்தனை வேண்டாமா? பக்கச்சுவர் தாங்குமா, பக்கத்துச் சாலை தாங்குமா என்பதை அனுமதிக்கு முன்பே கேட்க வேண்டும். மெளலிவாக்கத்தில் 2014ல் 61 பேர் இறந்தார்கள், அது குடியிருப்புக் கட்டடம். அதன் பிறகு மண் பரிசோதனை பற்றி எவ்வளவோ பேசினோம்.

சைட்_இன்ஜினியர்:

மீரா மேடம் சொல்வது சரி. களத்தில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்று. பொதுமக்கள் அதிகம் கவனிக்காதது மண்ணடிப்பது.

தாழ்வான பகுதியில் மனை இருந்தால் நீர்வளத் துறையின் வெள்ளத் தடையில்லாச் சான்று வேண்டும். அவர்கள் வந்து அளந்து, வெள்ள மட்டத்தைக் கணக்கிட்டு, மனையை இந்த மட்டத்துக்கு உயர்த்து என்று நிபந்தனை போடுவார்கள். கட்டடத்துக்கு அது பாதுகாப்பு. ஆனால் ஒரு ஏக்கர் மனையை ஒரு மீட்டர் உயர்த்தினால் 4,000 கன மீட்டருக்கு மேல் மண். அதுவரை அந்தக் காலிமனையில் நின்றுகொண்டிருந்த தண்ணீர் இனி வேறு இடம் தேட வேண்டும். வரிசையாக ஐந்து மனை உயர்ந்தால் நடுவில் இருக்கும் பழைய வீடுகளும் தெருவும் பள்ளமாகிவிடும். அடுத்து சாலையை உயர்த்துவார்கள், வீடு இன்னும் தாழும்.

மனைக்குள் மழைநீர்ச் சேகரிப்பு, வடிகால் எல்லாம் வரைபடத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் 2003லிருந்தே சேகரிப்பு கட்டாயம். ஆனால் அந்த வடிகால் கடைசியில் எதோடு சேர்கிறது என்று பாருங்கள். "பொது வடிகாலில் இணைக்கப்படும்" என்று ஒரு அம்புக்குறி போட்டு முடித்துவிடுவோம். அம்புக்குறி காட்டும் இடத்தில் வடிகால் இருக்கிறதா, அதன் அடிமட்டம் நம் குழாயைவிடத் தாழ்வா என்று லெவல் எடுத்துப் பார்த்தால் பல இடங்களில் பதில் கிடைத்துவிடும். அரைநாள் வேலைதான் அது.

நீர்மட்டம்:

தம்பி சொன்ன மட்டம்தான் இந்தப் பகுதியின் உயிர்நாடி. தென்சென்னையில் சுமார் 250 சதுர கி.மீ. பரப்பின் நீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாக ஓ.எம்.ஆரைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே முட்டுக்காட்டில் கடலுக்குப் போகிறது. காரப்பாக்கம் அந்த மடுவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 5,000 ஹெக்டேர் இருந்த சதுப்பு நிலம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். 2022ல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர்.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும் சுற்றி ஒரு கி.மீ. தொலைவுக்கும் புதிய திட்ட அனுமதி தர வேண்டாம் என்று சொன்னதையும் நினைவில் வையுங்கள். அந்த மனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சர்வே எண்ணை வைத்து முதலில் பார்த்துவிடுங்கள். மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் வர வேண்டிய கேள்வி அது.

சோழிங்கநல்லூர்_சரண்:

ஒரு கி.மீ. என்றால் கட்டிமுடித்து மக்கள் குடியிருக்கும் பகுதிகளும் உள்ளே வந்துவிடும். வீட்டு மேல்மாடி கட்டக் காத்திருப்பவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய வணிகக் கட்டடத்துக்கும் 600 சதுர அடி வீட்டுக்கும் ஒரே கோடு போட்டால் மக்கள் சதுப்பு நிலத்தின் மேலேயே கோபப்படுவார்கள். ஆய்வை வேகமாக முடித்து எது எங்கே கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். தள்ளிப்போடுவது கட்டுபவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

அலுவலகமே வேண்டாம் என்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. அம்புக்குறி பற்றி அந்த இன்ஜினியர் சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன். வேலைக்குப் போகும் நாங்களும் அந்தத் தண்ணீரில்தான் நடக்கிறோம்.

வரைபடமேசை:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரிய வணிகக் கட்டடம் ஒன்று அனுமதி வாங்கும்போது வளர்ச்சிக் கட்டணம், உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம், மெட்ரோ வாட்டருக்கான உள்கட்டமைப்பு வளர்ச்சிக் கட்டணம், பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணம் என்று பெரிய தொகை கட்டுகிறது. உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் 2007லிருந்து வாங்கப்படுகிறது. அது மாநில அளவிலான நிதியில் சேர்ந்து, தேர்வு செய்யப்படும் திட்டங்களுக்குப் போகிறது. அவற்றில் நல்ல திட்டங்கள் பல. ஆனால் காரப்பாக்கத்தில் கட்டிய பணம் காரப்பாக்கத்தில்தான் செலவாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தத் தெருவின் பெயரைச் சொல்லிக் கட்டணம் வாங்கினார்களோ அந்தத் தெருவுக்கு அதில் ஒரு பங்கு கட்டாயம் வர வேண்டும். என்னிடம் வரும் கட்டுமானர்களே இதைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கட்டிய பிறகு வாசலில் சாக்கடை ஓடினால் வாடகைக்கு ஆள் வராது.

திறந்தவெளி ஒதுக்கீட்டிலும் இதே கதைதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையென்றால் 10 சதவீத நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000த்துக்கும் 10,000த்துக்கும் இடையில் என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடலாம். உங்கள் தெருமுனை மனை 4,047. அநேகமாகப் பணமாகத்தான் கட்டுவார்கள். உங்களுக்கு விளையாட்டுத் திடலோ மழைநீர் இறங்கும் வெற்றுநிலமோ கிடைக்காது.

சாலை விரிவாக்கத்துக்காக மனையின் முன்பகுதியைத் தானமாக எழுதி வாங்குவதையும் பாருங்கள். பெரிய கட்டடம் வரும் மனையில் மட்டும் சாலை உள்வாங்கும், அடுத்த பழைய வீட்டில் மறுபடி வெளியே நீட்டும். விரிந்த துண்டுகளில் பைக்குகளும் தள்ளுவண்டிகளும் நிற்கும். தெரு முழுவதும் ஒரே அகலம் வருவதற்கு இருபது முப்பது ஆண்டுகள் ஆகலாம். ஆனால் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. இன்றைக்கே கொடுத்தாகிவிட்டது.

மாம்பலம்_கடை:

பணத்தைப் பற்றிச் சொன்னது மனதில் தைத்தது. நாங்களும் கட்டினோம். பாண்டி பஜாரில் 2019ல் நடைபாதை வளாகம் அமைத்தபோது தெருவுக்கே உயிர் வந்தது. உஸ்மான் சாலைக்குள் திரும்பினால் பழைய நிலைதான்.

நெறியாளர்:

ஒருவர் அந்த மனையின் உரிமையாளர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிவிட்டிருந்தார், நீக்கிவிட்டேன். தனிநபர் விவரங்கள் வேண்டாம். மற்றபடி இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

வேளச்சேரி_மீரா:

பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கட்டம் ஒன்று இருக்குமே, அதில் போய்ச் சொல்லலாமா?

சட்டநூல்:

தனிக் கட்டடத்தின் திட்ட அனுமதிக்கு அப்படி ஒரு கட்டம் கிடையாது. நில வகைப்பாட்டை மாற்றும்போது மட்டும், அதாவது குடியிருப்புப் பகுதியை வணிகப் பகுதியாக மாற்றக் கேட்கும்போது, நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்கிறார்கள். அந்தச் சின்ன அறிவிப்புகளை யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதியிலும் 2006 அறிவிக்கை கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் அலுவலகம் கட்டினாலும் பக்கத்துத் தெருக்காரரிடம் கேட்க வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதுவரை இருக்கும் வழிகள். சுற்றுச்சூழல் அனுமதி கேட்டிருந்தால் விண்ணப்பமும் இணைப்புகளும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே, எத்தனை கார் என்று எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். கார் நிறுத்தும் தளங்களையும் சேர்த்தால் உங்கள் தெருமுனைக் கட்டடம் 20,000த்தைத் தாண்ட வாய்ப்பு அதிகம். சர்வே எண்ணுக்கான புலப்பட வரைபடமும் (நிலத்தின் அளவுப் படம்) 'அ' பதிவேடும் (நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய ஏடு) அரசின் இணையச் சேவையில் கிடைக்கும். மனைக்குள்ளோ ஓரமாகவோ வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை என்று ஏதாவது குறித்திருந்தால் அதைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். துறைகள் கொடுத்த சான்றுகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அனுமதி கிடைத்த பிறகு போனால் நீதிமன்றம்தான் வழி. கோப்பு பரிசீலனையில் இருக்கும்போதே எழுத்துமூலம் கொடுத்த கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

நீர்மட்டம்:

ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2026க்காக 2008ல் வந்தது. இப்போது 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. ஒவ்வொரு வடிகால் பகுதிக்கும் கழிவுநீர் உந்துநிலையத்துக்கும் இவ்வளவு கொள்ளளவு, இதுவரை கொடுத்த அனுமதிகளில் இவ்வளவு போய்விட்டது, மிச்சம் இவ்வளவு என்று ஒரு பொதுக்கணக்கு அதில் வர வேண்டும். வங்கிப் பாஸ்புக் மாதிரி யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். எண்கள் எல்லாம் துறைகளிடம் இருக்கின்றன. உந்துநிலையத்தில் எத்தனை மோட்டார், எத்தனை மணிநேரம் ஓடுகிறது என்று தினமும் பதிவேட்டில் எழுதுகிறோம். அதை அனுமதி தரும் மேசைக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி.

மிச்சம் இல்லாத பகுதியில் கட்டக் கேட்டால் இரண்டில் ஒன்று. கொள்ளளவைக் கூட்டும் வேலை முடிந்த பிறகு பணி நிறைவுச் சான்று என்று நிபந்தனை போடலாம். அல்லது பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கிடையாது, அடிப்படை அளவோடு கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். சரண் சொன்ன மாதிரி வேலைவாய்ப்பும் நிற்காது.

காரப்பாக்கம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. தெருவாசிகள் கூடிப் பேசினோம். சி.எம்.டி.ஏ.வுக்கும் மெட்ரோ வாட்டருக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் நீர்வளத் துறைக்கும் ஒரே கடிதத்தைக் கொடுக்கப்போகிறோம். வரைவு இது, குறை இருந்தால் சொல்லுங்கள்:

"49(2) பிரிவின்படி இடத்தின் பொருத்தத்தைப் பரிசீலிக்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் தெருவில் கழிவுநீர் இணைப்பு இன்னும் இயங்கவில்லை. அது இயங்கும்வரை மழைக்கால மிச்சநீர் எங்கே போகும் என்பதை விண்ணப்பதாரர் எழுத்தில் தர வேண்டும். மனையை உயர்த்தும் அளவையும் தெருவின் இப்போதைய மட்டத்தையும் ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டும். மனையின் வடிகால் சேரும் பொது வடிகாலின் அடிமட்டத்தை மாநகராட்சி நேரில் அளந்து உறுதி செய்ய வேண்டும். சரக்கு வண்டிகளும் லாரிகளும் ஓ.எம்.ஆர். பக்க வாயிலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அடித்தளம் தோண்டும் பணி அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடக்கக் கூடாது. ராம்சார் எல்லையிலிருந்து மனையின் தூரத்தைத் தெரிவிக்க வேண்டும்."

சைட்_இன்ஜினியர்:

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தோண்டவே கூடாது என்று எழுதினால் நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிடுவார்கள். பக்கச்சுவர் பாதுகாப்பு முழுவதும் முடியாமல் அந்த மாதங்களில் ஆழப்படுத்தக் கூடாது, மழை எச்சரிக்கை வந்தால் ஆட்களைப் பள்ளத்தின் ஓரத்தில் தங்கவைக்கக் கூடாது என்று மாற்றுங்கள். இறைக்கும் நீரை உங்கள் தெருவில் விடக் கூடாது என்பதையும் சேருங்கள், பள்ளம் தோண்டும்போது முதலில் வரும் தொல்லை அதுதான்.

வரைபடமேசை:

பின்வாசல் பற்றியும் ஒரு வரி தெளிவாக வேண்டும். பின்பக்க வாயில் அவசர வழியாகவும் தீயணைப்பு வண்டிக்காகவும் மட்டும் என்று தளவரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். நிபந்தனைக் கடிதத்தில் மட்டும் இருந்தால் பிறகு யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள். வரைபடத்தில் இருந்தால் பணி நிறைவுச் சான்றுக்கு ஆய்வுக்கு வருபவர் அதை வைத்தே சரிபார்ப்பார். பல்மாடிக் குழுவில் கோப்பு வைக்கப்படும் முன் கடிதம் போய்ச் சேர வேண்டும். கையில் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள்.

காரப்பாக்கம்வாசி:

இரண்டையும் திருத்திவிட்டேன். சர்வே எண்ணுக்குப் புலப்பட வரைபடம் எடுத்தாயிற்று. மனையின் தெற்கு ஓரத்தில் வாய்க்கால் என்று குறித்திருக்கிறது, இப்போது அங்கே தகரத் தடுப்பு நிற்கிறது. அதைப் படம் எடுத்துக் கடிதத்தோடு இணைத்துத் திங்கட்கிழமை நேரில் கொடுக்கிறோம். என்ன பதில் வருகிறது என்று இதே இழையில் எழுதுகிறேன்.